'உடம்பில் இரத்தம் இல்லை' என்பது நோயின் பெயர் அல்ல: காரணத்தைத் தேடச் சொல்லும் எச்சரிக்கை

"உடம்பில் இரத்தம் இல்லையாம், சத்து மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள்." தோட்டத்து லயத்திலும் சரி, பட்டணத்து அடுக்குமாடியிலும் சரி, இந்தப் பேச்சைக் கேட்காத வீடு நம்மிடையே குறைவு. மாத்திரை வாங்குகிறோம், முருங்கைக்கீரை சமைக்கிறோம், பேரீச்சம்பழம் சாப்பிடுகிறோம். இரண்டு மாதம் கழித்துக் களைப்பு கொஞ்சம் குறைந்தால் அதோடு மறந்துவிடுகிறோம்.

ஏன் இரத்தம் குறைந்தது என்ற கேள்வியை மட்டும் பலரும் கேட்பதில்லை. இரத்தச்சோகை என்பது காய்ச்சலைப் போன்ற ஓர் அடையாளம்தான். காய்ச்சலுக்குப் பின்னால் சளியும் இருக்கலாம், டெங்கியும் இருக்கலாம். அதுபோல, இரத்தச்சோகைக்குப் பின்னால் அதிக மாதவிடாயும் இருக்கலாம், குடல் புற்றுநோயும் இருக்கலாம், பெற்றோரிடமிருந்து வந்த தலசீமியாவும் இருக்கலாம். மாத்திரை ஒன்றுக்குப் பொருந்தும், இன்னொன்றுக்குப் பொருந்தாது, மற்றொன்றில் உண்மையான நோயை மாதக்கணக்கில் மூடி மறைத்துவிடும்.

மருத்துவர் எப்படிக் காரணத்தைக் கண்டுபிடிக்கிறார், உங்கள் கையில் உள்ள இரத்தப் பரிசோதனை அறிக்கை என்ன சொல்கிறது, எந்த நிலையில் எதைக் கேட்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எவ்வளவு இருந்தால் குறைவு?

நம் இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. நுரையீரலிலிருந்து உயிர்க்காற்றை உடலெங்கும் சுமந்து செல்வது அதுதான். அது குறைந்தால் படியேறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், வேலையில் கவனம் நிற்காது. மெதுவாகக் குறையும்போது உடல் பழகிக்கொள்வதால், பாதியாகக் குறையும் வரை உணராமலேயே வேலைக்குப் போய்வருகிறவர்களும் உண்டு.

உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவின்படி, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழ், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழ், கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் இரத்தச்சோகை. சில ஆய்வுக்கூடங்கள் லிட்டர் கணக்கில் எழுதும். அப்போது 9.5 என்பது 95 என்று இருக்கும். இரண்டும் ஒன்றே.

கண் இமையின் உட்புறமோ நகமோ வெளுத்திருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. முழு இரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். மருத்துவமனையில் இதைச் சுருக்கமாக எஃப்.பி.சி. என்பார்கள். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிலேயே இதை எடுக்கலாம்.

அறிக்கையில் பார்க்க வேண்டிய நான்கு வரிகள்

அறிக்கை கைக்கு வந்ததும் பலரும் ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். காரணத்தைக் காட்டும் தடயங்கள் அதற்குக் கீழே உள்ள வரிகளில் இருக்கின்றன.

முதல் வரி எம்.சி.வி. இது சிவப்பணுவின் சராசரி அளவு. சாதாரணமாக 80 முதல் 100 வரை இருக்கும். 80க்குக் கீழே போனால் அணுக்கள் சிறுத்துவிட்டன என்று பொருள். இரும்புச்சத்துக் குறைவும் தலசீமியாவும் இங்கேதான் முதலில் நினைவுக்கு வரவேண்டும். 100க்கு மேலே போனால் அணுக்கள் பெருத்துவிட்டன. வைட்டமின் பி12 குறைவு, ஃபோலிக் அமிலக் குறைவு, மதுப்பழக்கம், கல்லீரல் நோய், தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவற்றை அப்போது பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் அண்மையில் நேர்ந்த இரத்தப்போக்கு, சிறுநீரக நோய், நீண்ட நாள் அழற்சி ஆகியவை கேள்விக்கு வரும்.

இரண்டாவது வரி எம்.சி.எச். ஒரு சிவப்பணுவுக்குள் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதை இது காட்டும். 27க்குக் கீழே இருந்தால் தலசீமியா உண்டா என்றும் பார்ப்பது மலேசிய மருத்துவத்தில் வழக்கம்.

மூன்றாவது, சிவப்பணுக்களின் எண்ணிக்கை. ஒரு சிறு கணக்கு இங்கே உதவும். எம்.சி.வி. எண்ணைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு எம்.சி.வி. 68, சிவப்பணு 4.0 என்றால் விடை 17. இது இரும்புச்சத்துக் குறைவின் பக்கம் சாய்கிறது. இன்னொருவருக்கு எம்.சி.வி. 64, சிவப்பணு 5.9 என்றால் விடை ஏறத்தாழ 10.8. விடை 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகிக்க வேண்டும். இரும்பு இல்லாதபோது உடலால் அணுக்களைப் போதுமான எண்ணிக்கையில் செய்ய முடியாது. தலசீமியா மரபுள்ளவர்களின் உடலோ சிறிய அணுக்களாக நிறையவே செய்யும். கணக்கின் அடிப்படை அவ்வளவுதான். இது வழிகாட்டும் கணக்கு மட்டுமே, முடிவான தீர்ப்பு அல்ல. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்தும் இருக்கலாம்.

நான்காவது, வெள்ளையணுக்களும் பிளேட்லெட்டும். இவை சாதாரணமாக இருந்தால் ஒரு பெரிய பயம் குறையும். சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றும் சேர்ந்து குறைந்தாலோ, வெள்ளையணு மிக அதிகமாக ஏறியிருந்தாலோ, எலும்பு மச்சையில் கோளாறு உண்டா என்று விரைந்து பார்க்க வேண்டும். இரத்தப் புற்றுநோய் சில வேளைகளில் இப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

இரும்புச்சத்துக் குறைவு: எங்கே கசிகிறது?

எல்லாவற்றிலும் அதிகம் காணப்படுவது இரும்புச்சத்துக் குறைவுதான். இதை உறுதி செய்யும் சோதனை பெரிட்டின். உடல் சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவை அது காட்டும். 15க்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலி என்று பொருள். 30க்குக் கீழே இருந்தாலே பெரும்பாலான மருத்துவர்கள் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். உடலில் அழற்சியோ கிருமித்தொற்றோ இருந்தால் பெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். அதனால் காய்ச்சல் நேரத்தில் எடுத்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது.

உடலின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்தால் காரணத்தைத் தேடுவது ஏன் முக்கியம் என்று புரியும். உணவிலிருந்து ஒரு நாளைக்கு நாம் உறிஞ்சிக்கொள்ளும் இரும்பு ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிகிராம்தான். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. குடலில் எங்கோ ஒரு புண்ணிலிருந்து தினமும் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லிலிட்டர் இரத்தம் கசிந்தால் 5 மில்லிகிராம் இரும்பு போய்விடும். அந்த அளவு இரத்தம் மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் அந்தச் செலவை ஈடுகட்ட முடியாது.

பெண்களுக்கு முதலில் கேட்க வேண்டியது மாதவிடாய் பற்றி. ஏழு நாளைத் தாண்டிப் போகிறதா, கட்டிகட்டியாகப் போகிறதா, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? இதைப் பலரும் "எனக்கு எப்போதும் இப்படித்தான், அம்மாவுக்கும் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். அது வழக்கமாக இருக்கலாம், ஆனால் இயல்பு அல்ல. கருப்பையில் நார்க்கட்டி இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. அடுத்தடுத்த பிரசவமும் சேமிப்பைக் காலி செய்யும்.

ஆண்களுக்கும், மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கும் கதை வேறு. அவர்களுக்கு மாதாமாதம் இரத்தம் போவதில்லை. அப்படியிருந்தும் இரும்பு குறைந்திருந்தால், வயிற்றிலோ குடலிலோ கசிவு இல்லை என்று உறுதியாகும் வரை, இருக்கிறது என்றே மருத்துவர் கருத வேண்டும். 58 வயதுள்ள ஒருவருக்கு ஹீமோகுளோபின் 8.4 என்று வைத்துக்கொள்வோம். இரும்பு மாத்திரை கொடுத்ததும் மூன்று மாதத்தில் 11 ஆகிறது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் பெருங்குடலில் ஒரு கட்டி கசிந்துகொண்டிருந்தால், அந்த மூன்று மாதமும் அது வளர்ந்திருக்கும். மாத்திரை இரத்தத்தை ஏற்றியது உண்மை. அதே மாத்திரை எச்சரிக்கை மணியை நிறுத்தியதும் உண்மை.

ஆகவே இவர்களுக்கு வாய்வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் ஸ்கோப் செய்து பார்ப்பதே முறையான வழி. ஸ்கோப் என்றதும் பயமும் கூச்சமும் வருவது இயற்கை. மயக்க மருந்து கொடுத்தே பெரும்பாலும் செய்கிறார்கள். அன்றே வீடு திரும்பலாம். மலத்தில் இரத்தம் உண்டா என்று பார்க்கும் சோதனை, அறிகுறி எதுவும் இல்லாத 50 வயதைத் தாண்டியவர்களுக்கான முன்சோதனை. ஏற்கெனவே இரும்பு குறைந்துவிட்டவருக்கு அந்தச் சோதனையில் 'இல்லை' என்று வந்தாலும், அதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

"எனக்கு மூலம் இருக்கிறது, அதனால்தான்" என்று தாமே முடிவு செய்துகொள்வதும் ஆபத்து. மூலம் உள்ளவருக்கும் புற்றுநோய் வரலாம்.

நம் மக்களிடம் கவனிக்க வேண்டிய இன்னொரு காரணம் வலி மாத்திரை. முட்டி வலி, இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினேக், மெஃபெனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை மருத்துவரைப் பார்க்காமலே மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் உண்டு. இவை இரைப்பையைப் புண்ணாக்கிக் கசிய வைக்கும். வலிக்கு விற்கப்படும் பதிவில்லாத நாட்டு மருந்துகளிலும் ஜாமுகளிலும் இரகசியமாக ஸ்டீராய்டு கலந்திருப்பது மலேசியாவில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. பொட்டலத்தில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இல்லாததை வாங்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும், பொடி, லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள்.

பழைய தோட்டங்களில் கொக்கிப்புழு பெரிய எதிரியாக இருந்தது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது பாதத்தின் தோல் வழியாக நுழைந்து, குடலில் தங்கி இரத்தம் குடிக்கும் புழு அது. கழிப்பறையும் காலணியும் வந்தபின் மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் ஒழிந்துவிடவில்லை. தோட்ட வேலை செய்கிறவர், வெறுங்காலோடு மண்ணில் விளையாடும் பிள்ளை என்றால் மலப் பரிசோதனை கேட்கலாம். பூச்சி மருந்தில் குணமாகும்.

இரும்பு மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுவது எப்படி?

காரணத்தைத் தேடும் வேலை ஒரு பக்கம் நடக்க, இரும்பை நிரப்பும் வேலையும் நடக்க வேண்டும். கிளினிக்கில் கிடைக்கும் 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட் மாத்திரையில் சுமார் 65 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இதை வெறும் வயிற்றில் சாப்பிட்டால் நன்றாகச் சேரும். குமட்டினால் சிறிது உணவோடு சாப்பிடலாம். நிறுத்திவிடுவதைவிட அது மேல்.

தேநீர், காப்பி, பால், மைலோ, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து ஆகியவை இரும்பைச் சேரவிடாது. காலையில் தே தாரிக்கோடு மாத்திரை விழுங்குவது பாதி மாத்திரையைக் குப்பையில் போடுவதற்குச் சமம். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கொய்யாப்பழம், எலுமிச்சைச் சாறு போன்று வைட்டமின் சி உள்ளவை இரும்பு சேர உதவும்.

தினமும் சாப்பிட முடியாத அளவுக்கு வயிறு தொந்தரவு செய்தால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரும்பு உள்ளே போனதும் உடல் ஹெப்சிடின் என்ற சுரப்பை வெளியிட்டு, அடுத்த ஒரு நாளுக்குக் குடலின் கதவைப் பாதி மூடிவிடுகிறது. அதனால் இந்த முறையிலும் பலருக்கு நன்றாகவே ஏறுகிறது.

மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால் வரும் இயல்பான மாற்றம். ஆனால் தார் போலப் பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு போனால் அது இரத்தம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் சுமார் 2 கிராம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால், மாத்திரை சரியாகச் சாப்பிடவில்லையா, கசிவு தொடர்கிறதா, குடலில் சேரவில்லையா, அல்லது இது இரும்புக் குறைவே இல்லையா என்று திரும்பவும் பார்க்க வேண்டும். எண் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்து சாப்பிட்டால்தான் சேமிப்பு நிரம்பும். பலரும் இங்கேதான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. இனிப்பு மிட்டாய் போலப் பளபளக்கும் இந்த மாத்திரையைச் சிறு பிள்ளைகள் கைநிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

தலசீமியா: மாத்திரை தேவையில்லாத இரத்தச்சோகை

தலசீமியா என்பது ஹீமோகுளோபினைச் செய்யும் மரபணுவில் உள்ள குறை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் மரபுதாங்கி. அவருக்கு நோய் இல்லை. எம்.சி.வி. குறைவாக இருக்கும், ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்திருக்கலாம், ஆனால் மற்றவர்களைப் போல் வேலை செய்வார், விளையாடுவார், முழு ஆயுளும் வாழ்வார். அது பின்னாளில் முற்றி நோயாக மாறாது.

இவர்களுக்குத்தான் தேவையில்லாமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை போகிறது. 'இரத்தம் குறைவு' என்று ஒருவர் எழுதிவிட்டார், அடுத்தவர் அதையே தொடர்கிறார். பெரிட்டின் பார்த்து, இரும்பும் உண்மையிலேயே குறைந்திருந்தால் மட்டுமே மரபுதாங்கிக்கு மாத்திரை வேண்டும்.

இதைக் கண்டறிவது ஹீமோகுளோபின் பகுப்பாய்வு என்ற சோதனை. பீட்டா வகை மரபுதாங்கிகளுக்கு அதில் ஏ2 என்ற பகுதி உயர்ந்திருக்கும். இரும்புச்சத்து மிகவும் குறைந்திருக்கும்போது இந்த ஏ2 அளவு தாழ்ந்து, மரபுதாங்கி என்பதே மறைந்துவிடக் கூடும். ஆகவே இரும்பை நிரப்பிய பிறகு சோதனையைத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். ஆல்ஃபா வகை இந்தச் சோதனையில் பெரும்பாலும் பிடிபடாது. அதற்கு மரபணுச் சோதனை தேவை.

மரபுதாங்கி என்று ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? பிள்ளைகளுக்காக. கணவன் மனைவி இருவரும் பீட்டா மரபுதாங்கிகளாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு குழந்தைக்குப் பெரிய தலசீமியா வருவதற்கு, இரண்டு பங்கு மரபுதாங்கியாகப் பிறப்பதற்கு, ஒரு பங்கு மரபே இல்லாமல் பிறப்பதற்கு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி அடுத்த மூன்றுக்கும் வராது என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

பெரிய தலசீமியா உள்ள குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுவதும். ஏற்றும் இரத்தத்தோடு வரும் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படிவதால் அதை வெளியேற்றவும் மருந்து வேண்டும். அந்த மருந்தைச் சிலருக்கு இரவில் எட்டுப் பத்து மணி நேரம் வயிற்றுத் தோலில் ஊசி குத்தி, வாரத்தில் ஐந்து நாளுக்குக் குறையாமல் செலுத்த வேண்டியிருக்கிறது. மாத்திரையாகவும் இப்போது கிடைக்கிறது. பொருந்தும் சகோதரரின் எலும்பு மச்சை மாற்றினால் குணப்படுத்தலாம். ஆனால் ஓர் உடன்பிறப்பு பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். இத்தனை பாரத்தையும் ஒரு எளிய இரத்தப் பரிசோதனை முன்கூட்டியே சொல்லிவிடும்.

மலேசியாவில் சபா மாநிலத்தில் தலசீமியா மிக அதிகம். "அது மற்ற இனத்தவர் நோய், நமக்கு வராது" என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. அது தவறு. பீட்டா தலசீமியா மரபு இந்தியர்களிடமும் உண்டு. மலேசிய இந்தியர்களிடம் அரிவாள் அணு மரபும் பதிவாகியுள்ளது. மலாய்க்காரர்களிடம் ஹீமோகுளோபின் 'ஈ' என்ற மரபு பரவலாக இருக்கிறது. ஒருவர் பீட்டா மரபுதாங்கியாகவும் மற்றவர் 'ஈ' மரபுதாங்கியாகவும் இருந்தாலும் குழந்தைக்குக் கடுமையான நோய் வரலாம். கலப்பு மணம் செய்பவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

நம் சமூகத்துக்கே உரிய ஒன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடிப்பது நம் வழக்கம். தாய்மாமன் திருமணத்தை இந்துக்களின் வழக்கம் என ஏற்று 1976ஆம் ஆண்டின் மலேசியத் திருமணச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் குடும்பத்தில் ஒரு மரபு ஓடிக்கொண்டிருந்தால், உறவுக்குள் மணக்கும் இருவரும் அதையே தாங்கியிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அத்தை, மாமன் பிள்ளைகள் மரபணுவில் சராசரியாக எட்டில் ஒரு பங்கையும், தாய்மாமனும் மருமகளும் நான்கில் ஒரு பங்கையும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஜாதகம் பார்க்கும் வேளையில் இருவரின் இரத்தத்தையும் பார்த்துவிடுவது பெரியவர்கள் செய்யக்கூடிய நல்ல காரியம்.

இருவரும் மரபுதாங்கிகள் என்றால் திருமணமே கூடாது என்பதல்ல. மரபு ஆலோசனை பெறலாம். கருவுற்ற 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துக் குழந்தைக்கு நோய் உண்டா என்று பார்க்கலாம். பிறகு என்ன செய்வது என்பது அந்தத் தம்பதியின் முடிவு. தெரிந்து முடிவெடுப்பது ஒன்று, பிறந்தபின் அதிர்ந்து நிற்பது வேறு.

சுகாதார அமைச்சு 2016 முதல் படிவம் 4 மாணவர்களுக்குத் தலசீமியா சோதனை நடத்தி வருகிறது. இதற்குப் பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். பிள்ளை கொண்டுவரும் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். முடிவு வந்ததும் பத்திரமாக வையுங்கள். மரபுதாங்கி என்று வந்தால் அண்ணன், தங்கை, பெற்றோர் அனைவரும் சோதித்துக்கொள்ள வேண்டும். பெண் கொடுக்க மாட்டார்கள் என்று பயந்து மறைப்பது, அந்தப் பிள்ளையின் பிள்ளைக்குச் செய்யும் தீங்கு.

நீரிழிவு உள்ளவர்களின் இரத்தம்

மலேசிய இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம். அதனால் மூன்று செய்திகளைத் தனியாகச் சொல்ல வேண்டியுள்ளது.

ஒன்று, மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். இந்த வைட்டமின் காய்கறியில் இல்லை. இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் உண்டு. ஆகவே சுத்த சைவம் சாப்பிடுபவருக்கு அபாயம் இரட்டிப்பு. பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், ஊசி குத்துவது போலிருக்கும், நடை தள்ளாடும், மறதி வரும். இதைச் 'சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு' என்றே நினைத்து விட்டுவிட்டால், சரிசெய்யக்கூடிய பாதிப்பு நிரந்தரமாகிவிடும். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் இரத்தம் ஏறும், நரம்புச் சேதமோ தொடரும்.

இரண்டு, நீண்ட நாள் நீரிழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. ஆகவே இவர்களின் இரத்தச்சோகைக்குச் சிறுநீரகச் சோதனையும் அவசியம்.

மூன்று, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ1சி சோதனை சிவப்பணுவை நம்பியிருக்கிறது. இரும்பு குறைந்தால் அது சற்றுக் கூடுதலாகவும், அணுக்கள் விரைவில் சிதையும் நோய்களில் குறைவாகவும் காட்டும். விரல் குத்திப் பார்க்கும் அளவும் இதுவும் பொருந்தவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஜி6பிடி குறைபாடு

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் மலேசியாவில் வழக்கமாகப் பார்க்கப்படும் சோதனை இது. சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பதே இக்குறைபாடு. ஆண் பிள்ளைகளிடம் அதிகம். சாதாரண நாட்களில் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் சில பொருள்கள் பட்டால் சிவப்பணுக்கள் திடீரென உடையும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கோலா நிறத்தில் போகும்.

இவர்கள் வீட்டில் நாப்தலின் பூச்சி உருண்டை கூடாது. பெட்டியில் அதோடு வைத்திருந்த பழைய துணியைக் குழந்தைக்குப் போர்த்தவும் கூடாது. பிரிமாக்குவின், டாப்சோன், நைட்ரோஃபியூரன்டாயின் போன்ற மருந்துகளையும், பெயர் தெரியாத நாட்டு மருந்துகளையும் தவிர்க்க வேண்டும். ஃபாவா எனும் பெரிய அவரை வகையையும் தவிர்க்க வேண்டும். நம் வீட்டு மொச்சை அதிலிருந்து வேறான செடி. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் "என் பிள்ளைக்கு ஜி6பிடி குறைவு" என்று முதலில் சொல்லுங்கள்.

இரத்தம் ஏற்றினால் சரியாகிவிடுமா?

"ஒரு பை இரத்தம் ஏற்றிவிடுங்கள் டாக்டர்" என்று கேட்பவர்கள் உண்டு. நிலையாக இருக்கும் நோயாளிக்கு ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போகும் வரை பெரும்பாலும் ஏற்றுவதில்லை. இதய நோயாளிகளுக்கும், இரத்தப்போக்கு நிற்காதவர்களுக்கும் கணக்கு வேறு. ஒரு பையில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வருகிறது. அது அவசரத்துக்கு உதவும், காரணத்தை நீக்காது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நரம்பு வழியாக இரும்பு செலுத்தும் வழியும் இருக்கிறது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

- உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, மயங்கி விழுதல்
- தார் போன்ற மலம், இரத்த வாந்தி
- கோலா நிறச் சிறுநீரோடு கண் மஞ்சளாதல்
- காய்ச்சலோடு ஈறில் இரத்தம், அடிபடாமலே உடலில் நீலத் திட்டுகள், சிவப்புப் புள்ளிகள்

இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். 999ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. என் ஹீமோகுளோபின் எவ்வளவு? எம்.சி.வி., எம்.சி.எச். எவ்வளவு?
2. பெரிட்டின் பார்த்தாகிவிட்டதா?
3. எதனால் குறைந்தது? ஸ்கோப் அல்லது மகளிர் நோய்ச் சோதனை தேவையா?
4. எனக்குத் தலசீமியா சோதனை வேண்டுமா? குடும்பத்தினருக்கும் வேண்டுமா?
5. எப்போது மீண்டும் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்?

பழைய அறிக்கைகளைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் வையுங்கள். ஐந்து ஆண்டுக்கு முன்பே எம்.சி.வி. 65 என்றிருந்தால் அது பிறவியிலிருந்தே வந்ததாக இருக்கலாம். போன ஆண்டு 88, இந்த ஆண்டு 70 என்றால் இடையில் ஏதோ கசியத் தொடங்கியிருக்கிறது. மருத்துவருக்கு அந்தப் பழைய தாள் ஒரு புதிய சோதனைக்குச் சமம்.

சத்து மாத்திரை நல்ல மருந்துதான். 'ஏன் குறைந்தது?' என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை அதோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். வீட்டில் யாராவது 'இரத்தம் இல்லை' என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இந்த வாரமே அவர்களுடைய அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.